மண்ணில் இறங்கும் மாருதி

சுரங்கம் மூடிய கோலார் தங்கவயலில் பழைய 800 கார்களுக்கும், அவற்றைச் சரிசெய்யத் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை. இரண்டையும் ஆட்டோகிராஸ் களத்துக்குக் கொண்டுபோக முதலில் தேவைப்படுவது வேகமல்ல, சோதனை.

தூரத்திலிருந்து பார்த்தால் ராஜஸ்தான் பாலைவனத்தின் ஒரு துண்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது போலிருக்கிறது. வெளிறிய சாம்பல் நிறத்தில் மேடுகள். மழைநீர் அறுத்துவிட்ட ஓடைகள். செடி முளைக்கத் தயங்கும் சரிவுகள். கோலார் தங்கவயலின் சயனைடு மேடுகள் இவை. நூறாண்டுகளுக்கும் மேலாகப் பூமிக்கடியிலிருந்து மேலே வந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு. மொத்தம் 3 கோடி டன்னுக்கும் அதிகம். சினிமாக்காரர்களுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். 2018-ல் வெளிவந்து நாடெங்கும் ஓடிய கன்னடப் படமான ‘கே.ஜி.எஃப்’ இந்த மண்ணில்தான் படமாக்கப்பட்டது.

பழைய கார் ஒன்றும் கைக்கடிகாரம் ஒன்றும் வைத்திருக்கும் இளைஞருக்கும் இந்த மேடுகள் ஒரு சபலத்தைத் தருகின்றன. வளைவு இருக்கிறது, ஏற்றம் இருக்கிறது, சறுக்குவதற்கு இளகிய மண் இருக்கிறது. எதிரே லாரி வராது. ஆட்டோகிராஸ் ஓட்டிப் பழக இதைவிட வசதியான மைதானம் எங்கே கிடைக்கும்?

அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. இது பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் நிலம் என்பது ஒரு காரணம். இங்குள்ள 13 மேடுகளில், ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமான பரப்பில், மிச்சமிருக்கும் தங்கத்தை மீண்டும் தேடும் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆனால் முக்கியக் காரணம் மண். மாவாக அரைபட்ட பாறையில் சிலிக்கா நிறைய இருக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் இந்தத் தூசி ஊருக்குள் வந்து இறங்குவதும், மூச்சுத் திணறலும் தோல் அரிப்பும் என மக்கள் புகார் சொல்வதும் பல ஆண்டுகளாகத் தொடரும் கதை. இளகிய மேட்டில் சுழலும் சக்கரங்கள் அந்தத் தூசியைத்தான் கிளப்பும். முதலில் சுவாசிப்பவர் ஓட்டுநர். அடுத்து, கீழே லயன் வீடுகளில் இருப்பவர்கள்.

வேகத்துக்கான ஆசையில் தப்பில்லை. அதற்கான இடமும் முறையும் வேறு. அந்த முறை கோலார் தங்கவயலுக்குப் புதிதல்ல என்பதுதான் வேடிக்கை.

திண்ணைப் பள்ளிக்கூடம்

மோட்டார் விளையாட்டின் திண்ணைப் பள்ளி என்று ஆட்டோகிராஸைச் சொல்லலாம். அமெரிக்காவில் இந்தப் பெயரில் நடப்பது தார்த்தளத்தில் ரப்பர் கூம்புகளை நட்டு ஓட்டும் போட்டி. பிரிட்டனில் புல்வெளியிலும் வயலிலும் ஓட்டுவார்கள். இந்தியாவில் பெரும்பாலும் மண் தரை. ஒரு திறந்தவெளியில் தற்காலிகமாகப் பாதை போட்டு, இருபுறமும் கூம்புகளும் நாடாவும் வைத்து எல்லை வகுக்கிறார்கள். வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு கார். பெரிய களமாக இருந்தால் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இரண்டு. பக்கத்தில் இன்னொரு கார் உரசிக்கொண்டு வராது. போட்டி கடிகாரத்தோடு மட்டுமே.

பாதை நீளம் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இரண்டாவது கியரிலேயே பாதி ஓட்டம் முடிந்துவிடும். கூம்பைத் தட்டினால் நொடிகள் கூடும். பாதை தவறினால் அந்தச் சுற்றே போய்விடலாம். இன்ஜின் கொள்ளளவைப் பொறுத்து வகுப்புகள் பிரிக்கப்படுவதால் சின்ன கார் பெரிய காரோடு மோத வேண்டியதில்லை. இந்திய மோட்டார் விளையாட்டு மன்றங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அங்கீகாரத்துடன் கிளப்புகள் இவற்றை நடத்துகின்றன. பெங்களூரும் சென்னையும் கோவையும் இந்த விளையாட்டுக்குப் பழகிய ஊர்கள். கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் 100 கி.மீ.க்கும் குறைவுதான். வேலைக்காகத் தினமும் விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் கூட்டத்துக்குத் தெரிந்த பாதை.

கைவிடப்பட்ட இடங்கள்தான் தென்னிந்திய மோட்டார் விளையாட்டின் தொட்டில் என்பதும் உண்மை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு அருகே சோழவரத்தில் சும்மா கிடந்தது. 1950களிலிருந்து அங்கே பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத்தளம் வரும்வரை மெட்ராஸின் வேகப் பிரியர்களுக்கு சோழவரம்தான் கோயில். ஆனால் அது சிமென்ட் தளம். விஷத் தூசி அல்ல.

47,500 ரூபாய் கார்

எந்தக் காரை எடுப்பது? கையில் காசு குறைவாக இருப்பவருக்கு விடை பெரும்பாலும் ஒன்றுதான். 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தபோது சுமார் ரூ. 47,500 விலையில் சாலைக்கு வந்த மாருதி 800. 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்பதற்குள் 25 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்துவிட்டன. நடுத்தரக் குடும்பத்தின் முதல் கார் என்று பெயர் வாங்கிய வண்டி, இப்போது பல வீடுகளின் பக்கச் சந்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

796 சி.சி., மூன்று சிலிண்டர். கார்புரேட்டர் வைத்த கார்களில் சுமார் 37 குதிரைசக்தி. இது இன்று சில மோட்டார் சைக்கிள்களே எட்டிவிடும் சக்தி. ஆனாலும் மண் களத்தில் இந்தச் சிறிய காரை மட்டமாக எடைபோட்டவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். காரணம் எடை. மொத்தமே 650 கிலோ அளவுதான். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. இழுப்பதும் அதே சக்கரங்கள். இளகிய மண்ணில் பிடிப்புக்குக் குறைவில்லை.

சிறிய முன்சக்கர இழுவைக் கார் பெரிய கார்களைத் திணறடிப்பது உலகம் முன்பே பார்த்த காட்சி. பிரிட்டனில் 1959-ல் குடும்பக் காராகப் பிறந்த மினி, 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது. மாருதி 800-ன் சக்கரம் 12 அங்குலம். மினியின் சக்கரம் இன்னும் சிறிது, 10 அங்குலம்தான்.

மாருதியின் இந்தக் குணத்தை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். 800-ன் இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். ‘ஃபார்முலா மாருதி’ என்ற அந்தக் கார், வெளிநாட்டு வண்டி வாங்க வசதியில்லாத ஒரு தலைமுறைக்கே பந்தயக் கதவைத் திறந்துவிட்டது. 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் 1992-ல் தொடங்கியது ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995-ல் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத்தளம் 2003 முதல் அவர் பெயரைச் சொல்கிறது.

தரைவிரிப்புக்கு அடியில்

பழைய 800-ஐ வாங்குபவர் வழக்கமாக முதலில் திறப்பது பானெட்டை. திறக்க வேண்டியது தரைவிரிப்பை. இருபது, இருபத்தைந்து வருட மழைநீர் அங்கேதான் சேமிப்பில் இருக்கிறது. தகடு மெல்லியது. கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், ஓட்டுநரின் காலடி, பேட்டரி உட்காரும் இடம், முன் ஸ்ட்ரட்டுகளின் தலை பொருந்தும் இடம், பின் ஷாக் அப்சார்பர் பிடிக்கும் இடம். இந்த ஐந்தையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால் அங்கே இரும்பு இல்லை, பெயின்ட் மட்டுமே இருக்கிறது.

டிங்கர் வேலையில் கோலார் தங்கவயலுக்கு இயல்பாகவே ஒரு சாதகம் உண்டு. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கு நவீன முறையில் சுரங்கம் தோண்டத் தொடங்கியதிலிருந்து ஃபிட்டரும் வெல்டரும் கடைசல்காரரும் இந்த ஊரின் குடிகள். வட ஆற்காட்டிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்களில் தொழில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போயிற்று. 1964-ல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல்., மண்வாரி இயந்திரங்களையும் புல்டோசர்களையும் செய்யும் ஆலையை இங்கே அமைத்தது. 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது வேலை போயிற்று. கை பழகிய வித்தை போகவில்லை. ஒரு தகட்டை வெட்டி, வளைத்து, உறுதியாக வெல்ட் வைக்கத் தெரிந்தவரைத் தேடி இந்த ஊரில் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

அடுத்தது பிரேக். வேகமாகப் போவதற்கு முன் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது வண்டிக்கும் பொருந்தும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும். எனவே பழைய ஆயில் முழுதும் வெளியே. ரப்பர் குழாய்கள் புதிது. முன் டிஸ்க்குக்குப் புது பேட், பின் டிரம்முக்குப் புது ஷூ. ஹேண்ட் பிரேக்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சாலையில் அது நிறுத்தி வைப்பதற்கான கருவி. மண் களத்திலோ ஊசிவளைவில் காரின் பின்பக்கத்தைச் சுழற்றித் திருப்பும் இன்னொரு ஸ்டியரிங். இரண்டு பின்சக்கரங்களும் ஒரே நேரத்தில் பிடிக்காவிட்டால் கார் திரும்பும் பக்கம் ஓட்டுநர் நினைத்த பக்கமாக இருக்காது.

சஸ்பென்ஷனில் இளைஞர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவது. சினிமாவில் அழகாக இருக்கும். மண்ணில் முதல் குழியிலேயே அடிவயிறு இடிக்கும். இங்கே வேண்டியது உயரமும், சக்கரம் மேலும் கீழும் நகர இடமும். கசியாத ஷாக் அப்சார்பர்கள், ஆடாத பால் ஜாயின்ட், சத்தமில்லாத வீல் பேரிங் ஆகியவற்றோடு ரப்பர் புஷ்கள் எல்லாமே புதிதாக இருக்க வேண்டும். 800-ல் முன்சக்கரத்தை முன்பின் நகராமல் பிடித்திருப்பது ஸ்டெபிலைசர் கம்பியும் அதன் புஷ்களும்தான். சில நூறு ரூபாய் ரப்பர் தேய்ந்திருந்தால், பிரேக் மிதிக்கும்போது கார் தன் இஷ்டத்துக்கு ஒருபக்கம் இழுக்கும். முன் அச்சின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும். ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும்போது வரும் ‘கடகட’ சத்தம் அதன் மரண ஓலை.

டயரிலும் பார்வைக்கும் உண்மைக்கும் தூரம் அதிகம். அகலமான டயர் என்றால் அதிகப் பிடிப்பு என்பது தார்ச்சாலைக் கணக்கு. இளகிய மண்ணில் அகல டயர் மேலேயே மிதக்கும். 800-ன் குறுகிய டயர் மேல்மண்ணைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொடும். தேவை அகலமல்ல, ஆழமான பட்டன்கள். காற்றை மிகவும் குறைத்தால் வளைவில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். அதிகமாக அடைத்தால் கல்லில் துள்ளும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள சரியான அளவைப் புத்தகம் சொல்லாது. ஓட்டிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்பவருக்குத்தான் தெரியும்.

தூசி என்ற எதிரி

இத்தனைக்கும் பிறகே இன்ஜின். அதிலும் சக்தியைக் கூட்டுவது கடைசி. காரின் பின்சீட், விரிப்பு, ஸ்டெப்னி, ஜாக்கி என்று வகுப்பு விதி அனுமதிப்பவற்றைக் கழற்றி 50 கிலோ குறைத்தால் எடையில் ஏறத்தாழ 13-ல் ஒரு பங்கு போகிறது. அதே பலனை இன்ஜினில் பெற வேண்டுமானால் சுமார் 3 குதிரைசக்தி கூட்ட வேண்டும். முதல் வேலைக்கு ஸ்பானர் போதும். இரண்டாவதற்கு லேத்தும் நிபுணரும் பணமும் வேண்டும்.

பழைய இன்ஜினுக்கு வேண்டியது ஆரோக்கியம். மூன்று சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் வால்வோ ரிங்கோ பிரச்சினை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுவதே புத்தி. இன்ஜின் மவுன்ட் ரப்பர்கள் நைந்திருந்தால் ஒவ்வொரு முடுக்கலிலும் இன்ஜின் குதிக்கும், கியர் நழுவும். வண்டி சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது நம் ஊர்ப் பழக்கம். அது நோயை மறைக்கும், தீர்க்காது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதே வைத்தியம்.

முக்கியமான செலவு இரண்டு. முதலாவது, ஆயில் சம்ப்புக்குக் கீழே ஒரு கவசத்தகடு. மண்ணில் மறைந்திருக்கும் ஒரே கல் சம்ப்பை உடைத்தால், ஆயில் வடிந்து சில நிமிடங்களில் இன்ஜின் பிடித்துவிடும். இரண்டாவது, ஏர் ஃபில்டர். கூடுதல் சக்தி கிடைக்கும் என்று ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. மண் களத்தில் அது தற்கொலை. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் ஆயிலோடு கலந்தால் சிலிண்டரின் உட்சுவரை உப்புக்காகிதம் போலத் தேய்க்கும். சில போட்டிகளிலேயே சைலன்ஸரில் நீலப்புகை வந்துவிடும்.

பாறைத் தூசி என்ன செய்யும் என்று கோலார் தங்கவயல்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் நுரையீரலைத் தின்ற சிலிகோசிஸ் நோய்க்குக் காரணம் அதே குவார்ட்ஸ் துகள். இன்ஜினுக்கு ஃபில்டர் இருக்கிறது. மனிதனுக்கு இல்லை. சயனைடு மேட்டில் பயிற்சி வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

கூண்டுக்குள் ஓட்டுநர்

செலவைக் கண்டு பலரும் தயங்கும் இடம் ரோல் கேஜ். கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் காக்கும் இரும்புக் கூண்டு. எல்லா வகுப்புகளுக்கும் கட்டாயமா என்பதை அந்தந்தப் போட்டியின் விதிப்புத்தகம் சொல்லும். ஆனால் பொருத்துவதாக இருந்தால் ஒழுங்காகப் பொருத்த வேண்டும். தண்ணீர்க் குழாயை வளைத்துச் செய்த கூண்டு, கூண்டே இல்லாததைவிட ஆபத்து. அடி விழும் நேரத்தில் தையல் பிரிந்து உள்ளே இருப்பவரைக் குத்தும். தையலில்லாத எஃகுக் குழாய் வேண்டும். துருவில்லாத தரையில், தகடு வைத்து, அதன்மேல் வெல்ட் செய்திருக்க வேண்டும். தலை படக்கூடிய இடமெல்லாம் மெத்தை வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் கூண்டுக் காரை ஓட்டுவது முட்டாள்தனம். சின்ன அதிர்ச்சியிலும் மண்டை மோதுவது எஃகில்.

இருக்கையும் பெல்ட்டும் ஒன்றுக்கொன்று துணை. இருக்கையின் போல்ட் துருப்பிடித்த தரையில் இறங்கியிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த பெல்ட்டும் வீண். பேட்டரியை அசையாமல் கட்ட வேண்டும். காருக்குள் தண்ணீர் பாட்டில், ஸ்பானர், பொம்மை என்று எதுவும் உதிரியாக இருக்கக் கூடாது. உருளும் காரில் அவை தோட்டாக்கள்.

இந்த மாதிரி மாற்றிய காரைப் பின்னர் சாலையில் ஓட்டிக்கொண்டு போகலாமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள அம்சங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. போதாக்குறைக்கு, 15 வருடம் முடிந்த தனியார் காரைச் சாலையில் ஓட்ட வேண்டுமானால் தகுதிச் சோதனை முடித்து ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எனவே வழி இரண்டு. கம்பெனி கொடுத்தபடியே, பழுது மட்டும் நீக்கி, மாற்றாத கார்களின் வகுப்பில் ஓட்டுவது ஒன்று. அல்லது அதைக் களத்துக்கு மட்டுமான காராக்கி, வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது. முதல் வருடத்துக்கு முதல் வழியே நல்லது. தொடக்கக்காரரின் நேரத்தைக் குறைக்கப்போவது காரல்ல, ஓட்டுநரின் பழக்கம்.

செலவைக் குறைக்கக் கூட்டு முயற்சியும் உதவும். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு காரை எடுத்து, விதி அனுமதித்தால் மாறி மாறி ஓட்டலாம். உதிரிப் பாகத்துக்கு பெங்களூர் ஜே.சி. ரோடு இருக்கிறது. பழைய பாகத்துக்கு சிவாஜி நகர் சந்துகள். ஆனால் ஒரு எல்லைக்கோடு வேண்டும். கதவு, பம்பர், விளக்கு, சீட் கம்பி பழையதாக இருக்கலாம். பிரேக், பெல்ட், ஹெல்மெட், பால் ஜாயின்ட் ஒருபோதும் பழையதாக இருக்கக் கூடாது.

இறங்கும் முன்

போட்டி நாளன்று கார் முதலில் போவது தொடக்கக் கோட்டுக்கு அல்ல, ‘ஸ்குரூட்டினி’ என்னும் சோதனைக்கு. அதிகாரிகள் பிரேக்கை மிதிப்பார்கள். சக்கரத்தை உலுக்குவார்கள். பேட்டரியை அசைத்துப் பார்ப்பார்கள். பெல்ட்டை இழுப்பார்கள். எண்ணெய்க் கசிவைத் தேடுவார்கள். ஹெல்மெட்டின் தரமுத்திரையையும் போட்டி லைசென்ஸையும் கேட்பார்கள். இங்கே தோற்றால் வேறெங்கும் ஜெயிக்க வாய்ப்பில்லை. அது முடிந்த பிறகு பாதையை நடந்து பார்க்க அனுமதி உண்டு. நல்ல ஓட்டுநர் மூன்று முறை நடப்பார். எந்த வளைவில் கல், எங்கே ஈரம், எந்தக் கூம்பை ஒட்டித் திரும்பினால் அடுத்த வளைவு நேராகும் என்று மனதில் எழுதிக்கொள்வார். இதற்குப் பைசா செலவில்லை. ஆனால் பெரும்பாலான புதியவர்கள் அந்த நேரத்தில் காருக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் சோதனையைச் சம்பிரதாயம் என்று அலுத்துக்கொள்பவர்கள் மற்ற ஊர்களில் இருக்கலாம். கோலார் தங்கவயலில் அதற்கு நியாயமில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிக ஆழம் போனது. அந்த ஆழத்துக்கு மனிதர்களை இறக்கியது எஃகுக் கம்பிக் கயிற்றில் தொங்கிய கூண்டு. கயிற்றையும் கூண்டையும் பிரேக்கையும் தினந்தோறும் சோதிப்பது சுரங்க விதி. கீழே பாறை வெடிப்பது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. பாறை வெடிப்புக்குப் பேர்போன இந்த ஊரில்தான் பாறை இயக்கவியலுக்கான தேசிய ஆய்வு நிறுவனம் 1988-ல் அமைந்தது. பாறையை மனிதன் கட்டுப்படுத்த முடியாது. கயிற்றைச் சோதிக்க முடியும். ஆகவே சோதித்தார்கள்.

ஆட்டோகிராஸின் கணக்கும் அதேதான். மண் எங்கே வழுக்கும் என்பது ஓட்டுநர் கையில் இல்லை. பிரேக் ஆயிலும் பெல்ட் போல்ட்டும் அவர் கையில் இருக்கின்றன. சந்தில் தார்ப்பாய்க்கடியில் தூங்கும் 800-க்குப் புது உயிர் கொடுப்பவர், பிஸ்டனைவிட முதலில் மீட்டெடுக்க வேண்டியது தாத்தா காலத்து அந்தப் பழக்கத்தை.

கோப்பை ஒருவருக்குத்தான் கிடைக்கும். மற்றவர்கள் ஒரு நொடி, அரை நொடி முன்னேறியதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தபடி ஊர் திரும்புவார்கள். சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் நன்றாக முடிந்தது என்பதற்கு அடையாளம், எத்தனை டன் பாறை வந்தது என்பது மட்டுமல்ல. காலையில் கீழே போனவர்கள் எல்லோரும் மேலே வந்துவிட்டார்களா என்ற கணக்கும்தான். ஞாயிறு மாலை மண் படிந்த ஒரு சின்னக் கார் பங்காருப்பேட்டை தாண்டி ஊருக்குள் நுழையும்போது, வாசலில் காத்திருக்கும் வீட்டார் முதலில் பார்ப்பதும் அதையே.